ஏபி பாடமா, ஆர்கெஸ்ட்ராவா? பதினொன்றாம் வகுப்புப் பாடத் தேர்வு (டெக்சாஸ்)

வயோலா அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவத்தை இன்னும் இரண்டு வாரத்தில் கொடுக்க வேண்டும். பத்து நாளாக வீட்டில் இதே பேச்சுதான்.

அவர்கள் பள்ளியில் எட்டுப் பாடம். ஒரு நாளைக்கு நான்கு, மறுநாள் மற்ற நான்கு என்று மாறி மாறி வரும். ஐந்து ஏபி, அதாவது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள், முடிவாகிவிட்டது: ஏபி ஆங்கிலம், ஏபி அமெரிக்க வரலாறு, ஏபி கால்குலஸ், ஏபி இயற்பியல், ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் ஸ்பானிஷ் மூன்றாம் ஆண்டு, டிபேட் (விவாதப் போட்டி) வகுப்பு. எட்டாவது இடத்தில்தான் சிக்கல்.

ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயோலா (வயலின் போன்ற, சற்றுப் பெரிய வாத்தியம்) வாசிக்கிறான். இந்த ஆண்டு, பல பள்ளிப் பிள்ளைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் வட்டாரக் குழுவான ரீஜன் ஆர்கெஸ்ட்ராவுக்குத் தேர்வானான். ஆனால் எங்கள் பள்ளி மாவட்டத்தில் ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் புள்ளிச் சராசரி) கணக்கில் ஏபி பாடத்துக்கு ஏ வாங்கினால் 5.0, ஆர்கெஸ்ட்ராவில் ஏ வாங்கினால் 4.0. அதை விட்டுவிட்டு ஏபி சுற்றுச்சூழல் அறிவியல் எடுக்கட்டும் என்கிறார் கணவர். தெரிந்த வீடுகளில் எல்லாம் ஆறு ஏபி, ஏழு ஏபி என்று பேச்சு. பத்தாம் வகுப்பில் மொத்தம் ஏறத்தாழ 600 பேர், ஜிபிஏவை வைத்துப் போடும் ரேங்க் போய்விடுமோ என்று அவருக்குப் பயம். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை.

மகனிடம் கேட்டால் "நீங்க சொல்றதையே எடுத்துக்கறேன்" என்கிறான். எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

தோழி, முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம். பயம் பாதி அங்கேயே தீரும்.

எல்லாவற்றிலும் ஏ என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஏபி, மூன்று சாதாரணப் பாடம் என்றால் 25 + 12 = 37. எட்டால் வகுத்தால் 4.625. ஆர்கெஸ்ட்ராவை எடுத்துவிட்டு ஆறாவது ஏபியைப் போட்டால் 30 + 8 = 38, அதாவது 4.75. வித்தியாசம் 0.125.

ஆனால் அந்த ஆறாவது ஏபியின் வீட்டுப்பாடச் சுமையில் வேறு ஒரு ஏபியில் ஒரே ஒரு பி வந்தால்? ஏபியில் பி என்றால் 4.0. மொத்தம் மறுபடியும் 37. எங்கே தொடங்கினோமோ அங்கேயே வந்து நிற்கிறோம், வயோலா மட்டும் கையில் இல்லை. இரண்டு பி வந்தால் 4.5, முன்பிருந்ததைவிடக் குறைவு.

இன்னொன்று. ரேங்க் என்பது ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புகளுக்கும் சேர்த்து. ஒரே ஆண்டின் 0.125 மூன்றாண்டுச் சராசரியில் 0.04 அளவுக்குத்தான் ஆகும். மேல் ரேங்குகளில் பிள்ளைகள் நெருக்கமாக நிற்பார்கள், அந்த 0.04ம் சில இடங்களை மாற்றும் என்பது உண்மை. அதற்காகத்தான் இந்தச் சண்டை என்பதைத் தெரிந்துகொண்டு சண்டை போடலாம்.

இந்தக் கணக்கில் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு அந்த நேரத்தைக் காலியாகவே வைத்தால் என்ன ஆகும் பாருங்கள். ஏழு பாடம், 33. ஏழால் வகுத்தால் 4.71. அதாவது, இசை படிக்கிற பிள்ளையைவிட ஒன்றுமே படிக்காமல் அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஜிபிஏ அதிகம்.

வயோலா அம்மா எழுதியது:

கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன். காலி நேரத்துக்கு இருக்கிற மதிப்புகூட ஆர்கெஸ்ட்ராவுக்கு இல்லையா? கணவரிடம் காட்டினேன். காகிதத்தில் அவரும் போட்டுப் பார்த்தார், சரியாகத்தான் வருகிறது.

ஓய்வுபெற்ற கவுன்சிலர் எழுதியது:

நான் 14 ஆண்டு ஹைஸ்கூல் கவுன்சிலராக (பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டுபவர்) இருந்தவள், அதில் பெரும்பகுதி டெக்சாஸில். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலி நேரக் கணக்கு எல்லா மாவட்டத்திலும் இப்படியே வராது. ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தன் விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. சில இடங்களில் கலைப் பாடங்களை ஜிபிஏ கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சில இடங்களில் மாணவர் எழுதிக் கேட்டால் குறிப்பிட்ட விருப்பப் பாடங்களுக்கு ஜிபிஏ கணக்கிலிருந்து விலக்குத் தருவார்கள், அதற்குக் கடைசித் தேதி உண்டு. சில இடங்களில் மூன்றாம், நான்காம் ஆண்டுக் கலைப் பாடத்துக்குக் கூடுதல் எடை, அதாவது அதிகப் புள்ளி. மாவட்டத்தின் பாடக் கையேட்டில் இதெல்லாம் இருக்கும், பெரும்பாலான பெற்றோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. படிவம் கொடுப்பதற்கு முன் உங்கள் கவுன்சிலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஆர்கெஸ்ட்ரா ரேங்க் கணக்கில் சேருமா, விலக்குக் கேட்கலாமா, கேட்டால் எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அடுத்தது, கல்லூரியில் விண்ணப்பத்தைப் படிப்பவர் என்ன பார்க்கிறார் என்பது. உங்கள் மகனின் மதிப்பெண் பட்டியல் தனியாகப் போவதில்லை. பள்ளி தன்னைப் பற்றிய அறிமுகத் தாள் ஒன்றையும் சேர்த்து அனுப்பும். பள்ளியில் எத்தனை ஏபி இருக்கிறது, எடை எப்படிப் போடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் கவுன்சிலர் நிரப்பும் பகுதியில் ஒரு கேள்வி: உங்கள் பள்ளியில் கல்லூரிக்குப் போகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவருடைய பாடத்திட்டம் எவ்வளவு கடினம்? ஐந்து நிலைகள், மேலே இருப்பது "மிகக் கடினம்". நான் பல நூறு முறை அந்தக் கட்டத்தை நிரப்பியிருக்கிறேன். ஐந்து ஏபிக்கும் ஆறு ஏபிக்கும் நடுவில் என் கை மாறியதாக நினைவில்லை. ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, வேற்றுமொழி ஆகிய ஐந்திலும் பிள்ளை தன்னால் முடிந்த உயரத்தில் நிற்கிறதா என்பதைத்தான் பார்ப்பேன். உங்கள் மகன் நிற்கிறான்.

நான் அதிகம் பார்த்த தவறு வேறு. ஸ்பானிஷை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் எளிதென்று பேர் வாங்கிய ஒரு ஏபியைப் போடுவார்கள். டெக்சாஸில் பள்ளிப் படிப்பை முடிக்க ஒரே மொழியில் இரண்டு கிரெடிட், அதாவது இரண்டு ஆண்டுப் பாடம், போதும். ஆனால் ஸ்டான்ஃபோர்டு போன்ற இடங்கள் மூன்று ஆண்டாவது படித்திருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கின்றன, ஹார்வர்டு நான்கு என்கிறது. ஸ்பானிஷ் மூன்றை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள்.

எந்தக் கல்லூரி எதற்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது என்று ஊகிக்கவும் வேண்டாம். காமன் டேட்டா செட் என்ற அறிக்கையைப் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியைப் பாருங்கள். பாடங்களின் கடினம், ஜிபிஏ, ரேங்க், கட்டுரை, தனித்திறன், பாடத்துக்கு வெளியே செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் "மிக முக்கியம்" முதல் "கருதப்படுவதில்லை" வரை அவர்களே குறித்திருப்பார்கள்.

ஹூஸ்டன் அப்பா எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். ஸ்டான்ஃபோர்டு, ஹார்வர்டு எல்லாம் சரி. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், அதாவது யூடி ஆஸ்டின்தான் கண்ணுக்கு எட்டும் கனவு. இந்த மாநிலத்தில் ரேங்க் வெறும் கௌரவம் இல்லை, சட்டம். 1997ல் வந்த சட்டப்படி வகுப்பில் முதல் 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். யூடி ஆஸ்டினுக்கு மட்டும் அந்த வரம்பு குறைந்துகொண்டே வந்தது. சில ஆண்டுகள் 6 விழுக்காடு, 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5. உங்கள் 600 பேர் வகுப்பில் 5 விழுக்காடு என்றால் 30 பேர். முப்பத்தொன்றாவது ரேங்கில் நிற்கிற பிள்ளையின் வீட்டில் போய் 0.04 சின்ன எண் என்று சொல்ல முடியுமா?

பணமும் இருக்கிறது. ஏபி தேர்வுக் கட்டணம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர். 2015ல் வந்த டெக்சாஸ் சட்டப்படி மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏபி தேர்வில் 5க்கு 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் (அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முடித்ததாகக் கணக்கு) தர வேண்டும். என் பெரிய மகள் ஏபி கிரெடிட்டை வைத்து ஒரு செமஸ்டர் முன்னதாகவே பட்டம் முடித்தாள். ஒரே சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற எனக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி மாளாது. வயோலாவை வெளியே தனி வகுப்பில் படிக்கலாமே.

ஓய்வுபெற்ற கவுன்சிலர் எழுதியது:

ஹூஸ்டன் சகோதரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 5 விழுக்காடு தருவது பல்கலைக்கழகத்தில் இடம் மட்டும்தான், துறையில் இடம் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினீயரிங், பிசினஸ் வேண்டுமென்றால் கட்டுரை, செயல்பாடுகள் எல்லாம் படித்துத்தான் எடுப்பார்கள். எஸ்ஏடி அல்லது ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் மறுபடி கட்டாயமாக்கிவிட்டார்கள். அங்கே ஏழு ஆண்டு ஒரு வாத்தியத்தோடு இருந்த பிள்ளை என்பது வெறும் அலங்காரம் இல்லை.

ஆர்கெஸ்ட்ராவை வெளியே படிக்க முடியாது. வயோலாவைப் படிக்கலாம், ஆர்கெஸ்ட்ராவைப் படிக்க முடியாது. ரீஜன், மாநில அளவிலான ஆல்ஸ்டேட் தேர்வுகளுக்கும் பள்ளியின் இசைக்குழு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு ஆண்டு விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் என் பார்வையில் மிகச் சிலர்.

பே ஏரியா அப்பா எழுதியது:

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்துக் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்களுக்கு விதி வேறு. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைக்கழகங்கள் தங்கள் ஜிபிஏவைத் தாங்களே கணக்குப் போடுகின்றன. ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் அதில் வராது. ஏபி போன்ற பாடங்களுக்கான கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டருக்குத்தான், அதாவது முழு ஆண்டுப் பாடம் நான்கு. அதிலும் பத்தாம் வகுப்புப் பாடங்களில் நான்கு செமஸ்டர் வரைதான் சேரும். அதற்கு மேல் பத்து ஏபி எடுத்தாலும் அந்த ஜிபிஏ ஏறாது. கடினமான பாடங்கள் எத்தனை என்பதை விண்ணப்பம் படிக்கும்போது பார்ப்பார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணுக்காக ஓட வேண்டியதில்லை.

இங்கே கலைப் பாடம் ஒரு ஆண்டு கட்டாயம். யூசி கேட்கும் 15 ஆண்டுப் பாடங்களில் அதுவும் ஒன்று. நம் வீடுகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெண் எட்டு வயதிலிருந்து பரதம் ஆடுகிறாள், அரங்கேற்றமே முடிந்துவிட்டது, அது போதாதா என்று. போதாது. யூசி ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ள பாடமாக இருக்க வேண்டும். வெளி வகுப்பை விண்ணப்பத்தில் செயல்பாடாக எழுதலாம், கலைப் பாடமாகக் கணக்கில் வராது. பன்னிரண்டாம் வகுப்பில் இது தெரிந்து அவசரமாக மட்பாண்ட வகுப்பில் சேர்ந்த பிள்ளையை எனக்குத் தெரியும். பாவம், அதையாவது முன்பே ஆசையாகச் செய்திருக்கலாம்.

மூன்றாம் செமஸ்டர் எழுதியது:

நான் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு மாணவன். அம்மா இந்த இழையை அனுப்பி "நீ எழுது" என்றார்.

பள்ளியில் 11 ஏபி எடுத்தேன். ஏபி கால்குலஸில் மேல்நிலையான கால்குலஸ் பிசி உண்மையிலேயே உதவியது, இங்கே முதல் கணித வகுப்பைத் தாண்டினேன். அமெரிக்க வரலாறும் ஆங்கிலமும் உதவின. டெக்சாஸில் எந்தத் துறையானாலும் 42 கிரெடிட் மணி நேரப் பொதுப்பாடம் உண்டு, அதில் வரலாறு 6, அரசியல் 6. சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்தேன், 5 வாங்கினேன், என் பட்டத்தில் அது எங்கும் பொருந்தவில்லை. ரேங்குக்காக மட்டும் எடுத்தது. அந்தப் பாடம் மோசம் என்று சொல்லவில்லை, எனக்கு அதில் ஆர்வம் இல்லை. ஆர்வம் உள்ள நண்பன் அதைப் படித்துவிட்டு ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் குழுவில் சேர்ந்தான்.

அதற்காக நான் விட்டது மரவேலை வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாற்காலி செய்தேன், இப்போதும் வீட்டில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அந்த நாற்காலியைத் தவிர எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

மருத்துவம் போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று: பல மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை மட்டும் ஏற்பதில்லை, கல்லூரியிலும் படிக்கச் சொல்கின்றன. கால்டெக் ஏபிக்குக் கிரெடிட்டே தருவதில்லை. "பின்னால் உதவும்" என்று ஒரு ஏபி எடுப்பதற்கு முன் எங்கே உதவும் என்று தேடிப் பாருங்கள்.

ஸ்கார்பரோ அக்கா எழுதியது:

கனடாவில் இருந்து வாசிக்கிறன். ஒன்ராறியோவில் எங்கட பிள்ளைகளுக்கு ஏபி எடுத்தால்தான் இடம் என்ற நெருக்கடி இவ்வளவு இல்லை. பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பில் பல்கலைக்கழகத் தரப் பாடங்களில் சிறந்த ஆறின் சராசரியைத்தான் பார்க்கும். துறைக்குக் கட்டாயமான பாடங்கள் அதற்குள் இருக்க வேணும். மற்ற இடங்களில் இசையோ நாடகமோ படிக்கலாம். என்ர மகள் பன்னிரண்டில் இசையை எடுத்தவள், அதுவே அவளின் ஆறில் ஒன்றாக வந்தது. தங்கச்சி, பிள்ளை பேசாமல் இருக்கிறான் என்று எழுதினீர்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இரவுப்பணி செவிலி எழுதியது:

இதைப் பொதுவில் எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் மகள் பதினொன்றில் ஏழு ஏபி எடுத்தாள். நான் வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும்போது அவள் அறையில் விளக்கு எரியும். சீக்கிரம் எழுந்து படிக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். அவள் தூங்கவே இல்லை என்று பிப்ரவரியில்தான் தெரிந்தது. வாரக்கணக்கில் இரவு மூன்று மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. மே முதல் இரண்டு வாரத்தில் ஏழு தேர்வு. இரண்டாவது வாரம் தேர்வு அறையில் மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் வேலை செய்கிற எனக்கு என் வீட்டுப் பிள்ளையின் முகம் தெரியவில்லை.

இப்போது நன்றாக இருக்கிறாள். பன்னிரண்டில் மூன்று ஏபியும் புகைப்பட வகுப்பும் எடுத்தாள், நல்ல கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஏழு எடுத்ததால் கிடைத்ததா, இல்லாமலே கிடைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டுப் பாடத்துக்கும் எத்தனை மணி நேர வீட்டுப்பாடம் வரும் என்று அந்தந்தப் பாடம் படிக்கிற மூத்த பிள்ளைகளிடம் கேளுங்கள். கூட்டிப் பாருங்கள். தூக்கத்துக்கு எட்டு மணி நேரம் மீதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒரு பாடம் அதிகம்.

ஹூஸ்டன் அப்பா எழுதியது:

அக்கா, படித்ததும் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. சின்ன மகனின் பாடப் பட்டியலை இன்று இரவே மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். பணத்தைப் பற்றி நான் சொன்னதை இப்போதும் சொல்வேன், ஆனால் இந்தக் கணக்கை நான் போட்டதே இல்லை.

வயோலா அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

கவுன்சிலர் அம்மா சொன்னபடி மின்னஞ்சல் போட்டேன். பதில் வந்தது. எங்கள் மாவட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா ரேங்க் கணக்கில் சேரும், ஆனால் பதினொன்று, பன்னிரண்டில் ஆண்டுக்கு ஒரு விருப்பப் பாடத்துக்கு விலக்குக் கேட்கலாம். செப்டம்பரில் படிவம் கொடுக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளை இங்கே படிக்க வைத்துக்கொண்டு எனக்கு இது தெரியாது. கணக்குப்பிள்ளை அவர்களே, ஆர்கெஸ்ட்ராவை விலக்கினால் உங்கள் 33/7 எங்களுக்கும் வரும், வயோலாவோடு.

அப்புறம் ஸ்கார்பரோ அக்கா சொன்னது மனதிலேயே இருந்தது. சனிக்கிழமை ஒத்திகைக்கு அழைத்துப் போகும்போது காரில் வேறு மாதிரி கேட்டேன். "எதை எடுக்கணும்" என்று கேட்கவில்லை, "எட்டில் எது இல்லாவிட்டால் உனக்கு நிம்மதி" என்று கேட்டேன். உடனே சொன்னான்: டிபேட். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பதாம் வகுப்பில் நாங்கள்தான் அதில் சேர்த்தோம், நன்றாகப் பேச வரும், விண்ணப்பத்துக்கும் நல்லது என்று. இரண்டு ஆண்டாக ஒவ்வொரு போட்டிக்கு முன்னும் வயிற்றுவலி என்பான், நான் ஓமத்தண்ணீர் கொடுப்பேன். பத்து நாளாக வயோலாவை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அவனுடைய சிரமம் இருந்த இடமே வேறு.

கணவரிடம் அன்று இரவு அவனே சொன்னான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டிபேட் இடத்தில் என்ன எடுப்பாய் என்று கேட்டார். ஏபி இசைக் கோட்பாடு என்றான். அப்படி ஒரு ஏபி இருப்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது. அதற்கும் 5.0தான்.

ஓய்வுபெற்ற கவுன்சிலர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி. ஒரே ஒரு எச்சரிக்கை. ஏபி இசைக் கோட்பாடு போதுமான பேர் சேர்ந்தால்தான் நடக்கும், பல பள்ளிகளில் ஓராண்டு விட்டு ஓராண்டுகூட நடத்துவார்கள். படிவத்தில் மாற்றுப் பாடம் என்று ஒரு வரி இருக்கும். அதை வெறுமையாக விட்டால் கணினி எதையாவது போட்டுவிடும். அங்கே என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனிடமே கேளுங்கள். செவிலி அக்கா சொன்ன மணிக்கணக்கையும் ஒருமுறை கூட்டிவிடுங்கள், ஏபி இப்போது ஆறாகிவிட்டது.

வயோலா அம்மா எழுதியது:

கேட்டேன். மாற்றுப் பாடம் மரவேலை என்று எழுதியிருக்கிறான், அந்தத் தம்பியின் நாற்காலிக் கதையை அவனிடம் படித்துக் காட்டியிருந்தேன். மணிக்கணக்கும் கூட்டினோம். இசைக் கோட்பாடு நடந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸை பன்னிரண்டுக்குத் தள்ளி வைக்கலாம் என்று அவனே சொன்னான், அதை மட்டும் அவன் அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை படிவம் கொடுக்க வேண்டும்.